லோகுருவை யூவிகார்ன், சென்ட்ரி, லோக்கி, ஓப்பன்டெலிமெட்ரியோடு கோத்தால்: இரட்டை வரி, காணாமல் போகும் டிரேஸ் ஐடி

எடைமேடை · மன்னார்குடி

வணக்கம். அரிசி ஆலைகளுக்கான எடைமேடை மென்பொருள் இது. மன்னார்குடி, நீடாமங்கலம், பாபநாசம் பக்கம் ஆலைக்கு ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அதுல பைத்தான், ஃபாஸ்ட்ஏபிஐ, அதை ஓட்டுற வெப் சர்வர் யூவிகார்ன். எடைக்காட்டியிலேர்ந்து ஆர்எஸ்-232 கேபிள்ல எடை வருது, ஈரப்பதத்தை ஆள் தட்டுறாரு, சீட்டு அச்சாகுது, பிறகு சென்னையில இருக்குற சர்வருக்குப் போகுது. லாக் (என்ன நடந்ததுங்கிற பதிவு வரி) எழுத லோகுரு நூலகம், டிரேஸ் (ஒரு கோரிக்கை போன தடம்) எடுக்க ஓப்பன்டெலிமெட்ரி. சர்வர் பக்கம் லாக் சேர்க்க லோக்கி, டிரேஸ் சேர்க்க டெம்போ, ரெண்டையும் பார்க்க கிராஃபானா. பிழைகளைச் சேர்த்துக் காட்ட சென்ட்ரி.

வேண்டியது ஒண்ணுதான்: சீட்டு எண்ணைக் கொடுத்தா, அந்த வண்டியோட மொத்த எடை, காலி வண்டி எடை, ஈரப்பதம், சர்வர்ல பதிவானது எல்லாம் வரிசையா வரணும். இப்ப நடக்கிறது இப்படி:

யூவிகார்னோட அக்செஸ் வரி (வர்ற கோரிக்கைக்கு ஒண்ணுன்னு எழுதுறது) ஒவ்வொண்ணும் ரெண்டு தடவை, ரெண்டு வடிவத்துல வருது. மத்த நூலகங்கள் எழுதி, இடைமறிச்சு லோகுருவுக்கு வர்ற வரிகள்ல கோப்புப் பெயர் எப்பவும் லாகிங் மாட்யூல்னே காட்டுது. டிரேஸ் ஐடி சிலதுல இருக்கு, சிலதுல காலி. சென்ட்ரியில ஒரே பிழை சில ஆலையில ரெண்டாகவும், சிலதுல வராமலும். பாபநாசம் ஆலையிலேர்ந்து மட்டும் லோக்கி வரிகளையே வாங்க மாட்டேங்குது, நேரம் ரொம்ப முன்னாடி இருக்குன்னு திருப்பி அனுப்புது.

எங்கேர்ந்து பிடிக்கிறது?

வெண்ணாறு

தம்பி, அஞ்சும் அஞ்சு வேற கோளாறு. ஒண்ணோட ஒண்ணு போட்டுக் குழப்பிக்காதீங்க. முதல்ல திசையை முடிவு பண்ணணும்.

பைத்தான்ல நீங்க எழுதாத நூலகம் எல்லாம் (யூவிகார்ன், எஸ்கியூஎல்அல்கெமி, யூஆர்எல்லிப்3) மொழியோடயே வர்ற லாகிங் மாட்யூலைத்தான் கூப்பிடும். அது 2.3 பதிப்புலேர்ந்தே உள்ளது. லோகுரு அதுக்கு வெளியில நிக்கிற தனி ஆள். சேர்க்க ரெண்டு வழி உண்டு. லாகிங்ல வர்றதையெல்லாம் லோகுருவுக்குத் திருப்புறது ஒண்ணு, அதுக்கு இடைமறிக்கும் ஹேண்ட்லர் (லாக் வரியை வாங்கி அனுப்புற பகுதி). லோகுருவோடதை லாகிங்குக்குத் தள்ளிவிடறது இன்னொண்ணு. ஆவணத்துல ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதால சிலர் ரெண்டையுமே ஒட்டிடுறாங்க. ஆத்துலேர்ந்து வாய்க்காலுக்கும் மதகு, வாய்க்கால்லேர்ந்து ஆத்துக்கும் மதகு வெச்சா தண்ணி எங்க போய்ச் சேரும்? லோகுரு தன் பூட்டுக்குள்ளேயே மறுபடி நுழையறதைக் கண்டுபிடிச்சு பிழை விடும். ஆனா என்க்யூ (வரியை க்யூவுல போட்டுப் பிறகு எழுதுறது) போட்டிருந்தா எழுதுறது வேற திரெட்ல நடக்கும், அந்தத் தடுப்புக்கு மாட்டாமலே சுத்தும்.

உங்களுக்கு முதல் வழிதான். லாகிங்ல வர்றதெல்லாம் லோகுருவுக்கு, லோகுருவுலேர்ந்து ஒரே ஒரு வெளிவாசல்.

செய்முறை: லாகிங்.ஹேண்ட்லரைத் தழுவி ஒரு கிளாஸ். அதோட எமிட்ல ரெக்கார்டின் லெவல் பெயரை லோகுருகிட்ட கேட்கணும். அந்தப் பெயர் அங்க இல்லைன்னா வேல்யூ எரர் வரும், அப்ப எண்ணையே கொடுத்துடுங்க. பிறகு கால் ஸ்டாக்ல மேல ஏறி, லாகிங் கோப்பைத் தாண்டின முதல் ஃபிரேம் எத்தனை படி தள்ளி இருக்குன்னு எண்ணி, அதை டெப்த்தா ஆப்ட்ல கொடுக்கணும். உங்க ரெண்டாவது கோளாறு இதுதான். டெப்த்தை நிலையா ஒரு எண் போட்டிருப்பீங்க, இல்லை போடவே மாட்டீங்க. எக்செப்ஷனையும் ரெக்கார்டோட எக்ஸ்சி இன்ஃபோவுலேர்ந்து எடுத்துக் கொடுங்க, இல்லைன்னா பிழையோட டிரேஸ்பேக் வராது.

கடைசியா பேசிக்கான்ஃபிக்ல ஹேண்ட்லர் இது ஒண்ணு மட்டும், லெவல் 0, ஃபோர்ஸ் ட்ரூ. ஃபோர்ஸ் 3.8-லேர்ந்து இருக்கு. அது இல்லாம கூப்பிட்டா, ரூட்டுக்கு (எல்லா லாகருக்கும் மேல உள்ள லாகர்) ஏற்கெனவே ஹேண்ட்லர் இருந்தா பேசிக்கான்ஃபிக் சத்தமில்லாம திரும்பிடும்.

குடமுருட்டி

அக்செஸ் வரி இரட்டிப்பைப் பத்தி.

யூவிகார்னோட உள்ளமைப்புல மூணு லாகர்: யூவிகார்ன், யூவிகார்ன்.எரர், யூவிகார்ன்.அக்செஸ். முதலாவதுக்கும் மூணாவதுக்கும் சொந்த ஹேண்ட்லர் உண்டு, ப்ராப்பகேட் ஃபால்ஸ், அதாவது வரியை மேல் லாகருக்கு அனுப்பாது. அதனால ரூட்ல இடைமறிச்சா மட்டும் யூவிகார்ன் வரி லோகுருவுக்கு வராது. வரலையேன்னு அந்த லாகர்ல இடைமறிப்பு ஹேண்ட்லரைக் கூட ஒண்ணா சேர்ப்பாங்க, பழையதை எடுக்க மாட்டாங்க. அதான் ரெண்டு வடிவத்துல ரெண்டு வரி. யூவிகார்ன்லயும் யூவிகார்ன்.எரர்லயும் தனித்தனியா மாட்டினா எரர் வரியும் இரட்டிக்கும், ஏன்னா எரர் லாகர் தன் தாய் லாகருக்கு மேல அனுப்பிக்கிட்டேதான் இருக்கு.

சரியான வழி: மூணு லாகரோட ஹேண்ட்லர் பட்டியலையும் காலி பண்ணுங்க, ப்ராப்பகேட் ட்ரூ ஆக்குங்க, ரூட்ல மட்டும் இடைமறிப்பு.

எடைமேடை

அக்கா, அதைத்தான் மெயின் கோப்போட முதல் வரியில வெச்சிருக்கேன். ஆனா யூவிகார்னை சிஸ்டம்டி சர்வீஸ்லேர்ந்து கட்டளை வரியா ஓட்டுறேன். வரிசை மாறுமா?

குடமுருட்டி

கட்டளை வரியில ஓட்டினா யூவிகார்ன் தன் லாக் அமைப்பை முதல்ல போட்டுட்டு, அப்புறம்தான் உங்க மாட்யூலை இறக்கும். அதனால உங்க கோடு பின்னாடி வந்து அழிச்சுத் திருத்தும், அது சரியாவே வேலை செய்யும். பிரச்சினை, நீங்களே பைத்தானுக்குள்ளேர்ந்து யூவிகார்ன்.ரன் கூப்பிடும்போது. அப்ப நீங்க முதல்ல திருத்துவீங்க, அது வந்து மறுபடி தன் அமைப்பைப் போட்டுடும். அங்க லாக்_கான்ஃபிக் நன் கொடுக்கணும். டெவலப்பர் மெஷின்ல ஒரு மாதிரி, ஆலையில ஒரு மாதிரின்னா முதல்ல இதைப் பாருங்க.

இன்னொண்ணு. அக்செஸ் ரெக்கார்டோட ஆர்க்ஸ்ல அஞ்சு மதிப்பு தனித்தனியா இருக்கு: கிளையன்ட் முகவரி, மெத்தட், பாதை, எச்டிடிபி பதிப்பு, நிலை எண். அதை வாக்கியமா ஒட்டிட்டு அப்புறம் லோக்கியில ரெகெக்ஸ் போட்டுப் பிரிக்கிறதுக்கு, எமிட்லயே பைண்ட் பண்ணிடலாம்.

அதே மாதிரி, மத்த நூலகங்கள் எக்ஸ்ட்ரா கொடுத்து எழுதினா அது ரெக்கார்டோட பண்புகளாத்தான் உட்காரும். ஆவணத்துல உள்ள இடைமறிப்பு மாதிரி அதை எடுக்காது, விட்டுடும். வெறும் ரெக்கார்டு ஒண்ணை உருவாக்கி அதுல உள்ள பண்புப் பெயர்களைக் கழிச்சுட்டு மிச்சத்தை பைண்ட் பண்ணுங்க.

அரசலாறு

டிரேஸ் ஐடி விஷயத்துக்கு வருகிறேன். ஓப்பன்டெலிமெட்ரியின் லாகிங் இன்ஸ்ட்ருமென்டேஷன், லாகிங் மாட்யூலின் ரெக்கார்டு ஃபேக்டரியை மாற்றி அதில் டிரேஸ் ஐடியைச் சேர்க்கிறது. லோகுருவில் நேரடியாக எழுதும் வரி அந்த ஃபேக்டரி வழியாகப் போவதே இல்லை. அதனால் நூலகங்களின் வரியில் ஐடி இருக்கும், உங்கள் சொந்த வரியில் இருக்காது. வேடிக்கையாக, வேண்டிய இடத்தில்தான் காலி.

லோகுருவின் கான்ஃபிகரில் பேட்சர் என்று ஒரு ஃபங்ஷன் கொடுக்கலாம். அதில் நடப்பு ஸ்பானை (டிரேஸில் ஒரு படி) எடுத்து, அதன் கான்டெக்ஸ்ட் செல்லுபடியாகுமா என்று பார்த்து, ஆகும் என்றால் மட்டும் எக்ஸ்ட்ராவில் டிரேஸ் ஐடி, ஸ்பான் ஐடி. செல்லாது என்றால் புலத்தையே விட்டுவிடுங்கள். 32 சுழியங்களை எழுதினால், கிராஃபானாவில் ஸ்பான் இல்லாத வரிகள் எல்லாம் இல்லாத ஒரே டிரேஸுக்குச் சுட்டும்.

வடிவமும் முக்கியம். பைத்தானில் டிரேஸ் ஐடி ஒரு முழு எண். அதை 32 ஹெக்ஸ் எழுத்தாக, முன்னால் சுழியம் நிரப்பி எழுத வேண்டும், ஸ்பான் ஐடி 16. வெறும் ஹெக்ஸ் ஃபங்ஷன் போட்டால் முன்னால் 0எக்ஸ் ஒட்டிக்கொள்ளும், இடப்பக்கச் சுழியமும் போய்விடும். 0எக்ஸை வெட்டிவிட்டாலும், ஐடி சுழியத்தில் தொடங்கும் சில டிரேஸ்கள் மட்டும் டெம்போவில் கிடைக்காது. பதினாறில் ஒன்று அப்படித்தான் தொடங்கும் என்பதால், எப்போதாவது வரும் கோளாறு போலத் தோன்றி ஆளைச் சுற்றவிடும்.

வெண்ணாறு

பேட்சர்னு அரசலாறு சார் சொன்னதுல ஒரு காரணம் ஒளிஞ்சிருக்கு. டிரேஸ் ஐடியை சிங்க் (லோகுரு வரியை வெளியே எழுதுற இடம்) ஃபங்ஷன்ல எடுக்கக்கூடாது. என்க்யூ ட்ரூன்னா சிங்க் வேற திரெட்ல ஓடும், அங்க நடப்பு ஸ்பானே கிடையாது. பேட்சர் மட்டும் லாக் கூப்பிட்ட அதே திரெட்ல, க்யூவுக்குப் போறதுக்கு முன்னாடி ஓடும்.

ஆனா எடைமேடை தம்பிக்கு இது மட்டும் போதாது. எடைக்காட்டியைப் படிக்கிறது தனி திரெட்தானே?

எடைமேடை

ஆமாண்ணே. சாதாரண திரெடிங்.திரெட்தான். 9600 பாட்ல எடைக்காட்டி விடாம அனுப்பிக்கிட்டே இருக்கும், திரெட் படிச்சுக்கிட்டே இருக்கும்.

வெண்ணாறு

அப்ப அங்க காலியா இருக்கறதுதான் நியாயம். கான்டெக்ஸ்ட் மாறிகள் வழக்கமான பைத்தான்ல புதுத் திரெட்டுக்குத் தானா போகாது. அசிங்க்ஐஓவோட டு_திரெட் பிரதி எடுத்துப் போகும், ரன் இன் எக்சிக்யூட்டர் எடுத்துப் போகாது. ஃபாஸ்ட்ஏபிஐயில சாதாரண டெஃப் போட்டு எழுதின ரவுட் (ஒரு பாதைக்கான ஃபங்ஷன்) திரெட் பூல்ல ஓடினாலும் கான்டெக்ஸ்ட் கூடவே போகும், அங்க கவலை இல்லை.

உங்க சீரியல் திரெட் எந்தக் கோரிக்கைக்கும் சொந்தமில்லை. பெட்டி எழுந்ததுலேர்ந்து ஓடுது. அதுக்கு டிரேஸ் ஐடியை வலிஞ்சு ஒட்டினா, முதல் வண்டியோட ஐடி சாயங்காலம் வரைக்கும் ஒட்டிக்கிட்டு வரும். காலியைவிட அது மோசம். அதுக்குப் பதிலா சீட்டு எண். வண்டி மேடையில ஏறி எடை நின்னதும் சீட்டு எண் பிறக்குதுல்ல, அங்க கான்டெக்ஸ்சுவலைஸ் போட்டு சீட்டு எண், வண்டி எண், ஆலை. கோரிக்கை பக்கமும் அதே சீட்டு எண்ணை ஸ்பானோட பண்பா வெச்சிடுங்க. லாக்ல சீட்டு எண்ணைத் தேடினா ரெண்டு பக்கமும் வந்துடும், டிரேஸும் கிடைக்கும்.

அப்புறம் ஒவ்வொரு அளவையும் எழுதாதீங்க. லாரி ஏறும்போது எடை ஆடிக்கிட்டே வரும், அது யாருக்கு வேணும்? நிலைச்ச எடை, சுழியத்துக்குத் திரும்பினது, படிக்க முடியாத வரி, இந்த மூணு போதும். படிக்க முடியாத வரியோட மூல பைட்டுகளை ஹெக்ஸா எழுதுங்க. கேபிள் மண் இணைப்பு சரியில்லைன்னா குப்பை எழுத்து எப்படி வருதுன்னு அதுலதான் தெரியும்.

அரசலாறு

இனி வெளிவாசல். என் கருத்தில் கோப்பே வேண்டாம். லோகுருவுக்கு லாகிங் ஹேண்ட்லரையே சிங்காகக் கொடுக்கலாம். ஓப்பன்டெலிமெட்ரியின் ஹேண்ட்லரை மாட்டி ஓடிஎல்பி (அதன் அனுப்பும் நெறிமுறை) வழியாக 4317 அல்லது 4318 போர்ட்டுக்கு அனுப்பினால், ஜேசான் எழுதிப் பிறகு பிரித்துப் படிக்கும் வேலையே இல்லை.

குடமுருட்டி

சென்னை சர்வருக்கு அது சரி. ஆலைக்கு நான் ஒத்துக்க மாட்டேன்.

ஓடிஎல்பி பேட்ச் ப்ராசசர் வரிகளை நினைவகத்துலதான் வெச்சிருக்கும், இயல்பா 2048 வரி. நிறைஞ்சா கீழ போட்டுடும். ஆலையில மோட்டார் ஓடும்போது கரண்ட் போனா, எந்த வரி வேணுமோ அந்தக் கடைசி வரிகள்தான் போகும். கோப்புல எழுதினது பெரும்பாலும் தப்பிக்கும்.

அந்த ஹேண்ட்லருக்கு வேற மூணு இடைஞ்சல்:

லோகுரு தன் எக்ஸ்ட்ரா புலங்களைப் பிரிக்காம, எக்ஸ்ட்ரான்னு ஒரே பண்புக்குள்ள டிக்ஷனரியா வெச்சுத்தான் லாகிங் ஹேண்ட்லருக்குக் கொடுக்கும். சீட்டு எண் மேல்மட்டத்துல வராது. நடுவுல நீங்களே பிரிச்சுப் போடணும்.

லோகுருவோட டிரேஸ் லெவல் 5. பைத்தான் ஹேண்ட்லர் 10-க்குக் கீழ இருக்கறதைக் கடுமை தெரியாததுன்னு 0 ஆக்கிடும். சக்சஸ் 25, அது இன்ஃபோவோட மேல்படியில உட்காரும், அதுல குறையில்லை.

மூணாவது சுழல். எக்ஸ்போர்ட்டர் எச்டிடிபி அனுப்ப யூஆர்எல்லிப்3-ஐக் கூப்பிடும். அது டீபக் வரி எழுதும். நீங்க லெவல் 0-ல இடைமறிக்கிறீங்க, அந்த வரியும் எக்ஸ்போர்ட்டருக்குப் போகும், அதை அனுப்ப இன்னொரு டீபக் வரி. நெட் போன நேரத்துல மறுமுயற்சி எச்சரிக்கை வேற சேரும். யூஆர்எல்லிப்3, ஓப்பன்டெலிமெட்ரி ரெண்டு லாகரையும் எச்சரிக்கை மட்டத்துக்கு ஏத்தி, ப்ராப்பகேட்டை அடைச்சு, தனியா ஸ்டாண்டர்ட் எரர்ல விடுங்க. நேரடி ஓடிஎல்பி வெச்சா இது கட்டாயம்.

அரசலாறு

கரண்ட் விஷயம் ஒப்புக்கொள்கிறேன். பைத்தானில் லாக் பகுதி இன்னும் அடிக்கோட்டில் தொடங்கும் மாட்யூலில்தான் இருக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு இடம் மாறுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆலையில் கோப்பு, சர்வரில் ஓடிஎல்பி என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் கோப்பு என்றால் லோகுருவின் சீரியலைஸை அப்படியே போட்டுவிடாதீர்கள்.

குடமுருட்டி

அது சரி. சீரியலைஸ் ட்ரூ போட்டா டெக்ஸ்ட், ரெக்கார்டுன்னு ரெண்டு பாகம். செய்தி ரெண்டு இடத்துலயும் வரும், பிராசஸ், திரெட், கழிந்த நேரம் எல்லாம் அடுக்கடுக்கா. ஒரு வரி எடைக்கு இது தேவையில்லாத கனம். எஸ்டி கார்டும் தேயும்.

சொந்த வடிவம் எழுதும்போது பலர் விழுற குழி: ஃபார்மட்டுக்கு ஃபங்ஷன் கொடுத்து, அதுலேர்ந்து ஜேசானைத் திருப்பி அனுப்புவாங்க. லோகுரு அதை முடிஞ்ச வரின்னு எடுத்துக்காது, மாதிரி வரின்னு எடுத்து மறுபடி நிரப்பப் பார்க்கும். ஜேசான்ல உள்ள நெளி அடைப்புக்குறியைப் பார்த்துக் கீ எரர். ஜேசானை எக்ஸ்ட்ராவுல ஒரு புலமா போட்டுட்டு, ஃபார்மட் அந்தப் புலத்தோட பெயரையும் வரி முடிவையும் மட்டும் திருப்பினா ஓடும்.

புலங்கள்: நேரம், லெவல், செய்தி, சர்வீஸ், ஆலை, சீட்டு, டிரேஸ் ஐடி, ஸ்பான் ஐடி, பிழை இருந்தா டிரேஸ்பேக் ஒரே சரமா. தமிழ்ல செய்தி எழுதுறீங்கன்னா ஜேசான் டம்ப்ஸ்ல என்ஷுர் ஆஸ்கி ஃபால்ஸ். இல்லைன்னா ஒவ்வொரு எழுத்தும் ஆறு எழுத்து நீளக் குறியீடா மாறும், கோப்பும் ஊதும், டெர்மினல்ல படிக்கவும் முடியாது.

எடைமேடை

கோப்பைச் சுழற்றறது லோகுருவோட ரொட்டேஷன்லயே விட்டிருக்கேன், 50 எம்பிக்கு ஒருமுறை. யூவிகார்ன் ஒர்க்கர் 2.

குடமுருட்டி

அங்கயும் ஒரு பொத்தல். ரெண்டு ஒர்க்கரும் தனித்தனி பிராசஸ், ரெண்டும் தானே சுழற்றப் பார்க்கும். ஒண்ணு பெயரை மாத்திட்டுப் புதுக்கோப்பு திறக்கும், இன்னொண்ணு பழசுலயே எழுதிக்கிட்டு இருக்கும். என்க்யூ இதைக் காப்பாத்தாது. ஒரே ஹேண்ட்லரைக் குழந்தைப் பிராசஸுக்குக் கொடுத்தாத்தான் க்யூ பொதுவாகும், யூவிகார்ன் ஒர்க்கர் ஒவ்வொண்ணும் மாட்யூலைப் புதுசா இறக்கித் தனித்தனியா சிங்க் திறக்குது. ரொட்டேஷனை எடுத்துட்டு லினக்ஸோட லாக்ரொட்டேட்டுக்கு விடுங்க, சிங்க்ல வாட்ச் ட்ரூ. கோப்பு மாறினதை அது கவனிச்சுத் திரும்பத் திறக்கும். இல்லைன்னா ஒர்க்கரை 1 ஆக்குங்க. ஒரு எடைமேடைக்கு ரெண்டு ஒர்க்கர் எதுக்கு? சீரியல் போர்ட் ஒண்ணுதானே.

எடைமேடை

போர்ட்டுக்கு ரெண்டும் அடிச்சுக்குது, அதுவும் உண்மைதான். 1 ஆக்கிட்டேன்.

வெண்ணாறு

இப்ப பாபநாசம். அந்த ஆலையில மட்டும் கலெக்டர் (லாக் கோப்பைப் படிச்சு லோக்கிக்கு அனுப்புற ஓப்பன்டெலிமெட்ரி நிரல்) டாக்கர்ல ஓடுதா?

எடைமேடை

ஆமா! மத்த ஆலைகள்ல நேரா சிஸ்டம்டியில. எப்படிண்ணே?

வெண்ணாறு

நேரத்தை ஆண்டு-மாதம்-நாள், மணி-நிமிடம்-நொடின்னு மட்டும் எழுதுறீங்க, பின்னாடி நேர மண்டலம் இல்லை. கலெக்டர் அதைத் தான் இருக்குற இடத்தோட உள்ளூர் நேரமா எடுத்துக்கும். பெட்டியில நேரா ஓடினா அது இந்திய நேரம், பொருந்திடும். டாக்கர் கன்டெய்னருக்குள்ள இயல்பு நேரம் யூடிசி. காலை 10 மணி வரியை யூடிசி 10 மணின்னு படிச்சா, அது நம்ம சாயங்காலம் 3.30. அஞ்சரை மணி நேரம் எதிர்காலம். லோக்கி 10 நிமிஷத்துக்கு மேல முன்னாடி போன வரியை வாங்காது, அதுதான் இயல்பு வரம்பு.

மண்டலத்தை மாத்தி ஒட்டுப்போடாதீங்க. லோகுருவோட நேரம் ஏற்கெனவே மண்டலம் தெரிஞ்ச மதிப்பு. ஐஎஸ்ஓ வடிவத்துல எழுதினா +05:30 கூடவே வரும். கலெக்டர் அமைப்புல அந்த வடிவத்தைச் சொன்னா எங்க ஓடினாலும் ஒண்ணுதான்.

அந்தப் பெட்டி என்ன? ராஸ்பெர்ரி பை 4-ன்னா அதுல கடிகார பேட்டரி கிடையாது. கரண்ட் போய் வந்தா, நெட் வந்து நேரம் ஒத்துப்போகுற வரைக்கும் பழைய நேரத்துலேர்ந்து ஓடும். டிஎஸ்3231 கடிகாரப் பலகை ஒண்ணு மாட்டிடுங்க. நேரம் ஒத்துப்போகுற வரைக்கும் சர்வீஸைக் காக்க வைக்காதீங்க, நெட் இல்லாத நாள்ல எடையே போட முடியாது.

குடமுருட்டி

நெட் போன பிறகு நடக்குறதையும் சேர்த்துச் சொல்லிடறேன், ஐப்பசி மழையில இது கட்டாயம் வரும்.

கலெக்டரோட கான்ட்ரிப் பதிப்பு எடுங்க, கோப்புச் சேமிப்பு நீட்டிப்பு அதுலதான் இருக்கு. அந்த நீட்டிப்பை ரெண்டு இடத்துல சுட்டணும். ஒண்ணு ஃபைல்லாக் ரிசீவர். அது எந்த பைட் வரைக்கும் படிச்சோம்னு வெச்சுக்கும். இல்லைன்னா பெட்டி மறுபடி எழும்போது கோப்போட கடைசியிலேர்ந்து ஆரம்பிக்கும், இயல்பு அதுதான், நடுவுல உள்ளது போச்சு. தொடக்கத்தையும் பிகினிங் ஆக்குங்க. இன்னொண்ணு எக்ஸ்போர்ட்டரோட அனுப்பும் க்யூ.

மறுமுயற்சியோட மொத்த நேரம் இயல்பா 300 நொடி. அஞ்சு நிமிஷம் நெட் இல்லைன்னா தூக்கிப் போட்டுடும்! 0 ஆக்கினா விடாம முயலும். க்யூவோட அளவும் இயல்பா 1000 தொகுதிதான், தட்டு இடம் பார்த்து ஏத்திக்குங்க.

முகவரியில: லோக்கி 3-லேர்ந்து ஓடிஎல்பியை நேராவே வாங்கும். எக்ஸ்போர்ட்டர்ல 3100 போர்ட், /ஓடிஎல்பி வரைக்கும்தான் கொடுக்கணும், வி1 லாக்ஸ் பகுதியை அதுவே ஒட்டிக்கும். முழுசா கொடுத்தா ரெண்டு தடவை ஒட்டி 404. லோக்கியோட ஸ்கீமா வி13, டிஎஸ்டிபி இருக்கணும், இல்லைன்னா டிரேஸ் ஐடி போற ஸ்ட்ரக்சர்ட் மெட்டாடேட்டாவை மறுத்துடும்.

இப்ப லேபிள். ஆலையைக் கட்டாயம் லேபிளா வைங்க. காரணம் தேடுற வசதி மட்டும் இல்லை. ஒரே லேபிள் தொகுப்பு ஒரு ஸ்ட்ரீம். ஸ்ட்ரீம்ல கடைசியா வந்த வரியைவிட சுமார் ஒரு மணி நேரத்துக்கு மேல பின்தங்கின வரியை லோக்கி வாங்காது, இயல்பு அமைப்புல. எல்லா ஆலையும் ஒரே ஸ்ட்ரீம்ல இருந்தா, நீடாமங்கலத்துல மூணு மணி நேரம் நெட் போய் வந்து பாக்கியை அனுப்பும்போது, மன்னார்குடியோட புது வரிகள் முன்னாடி நிக்கும், பாக்கி முழுக்கத் திரும்பும். தனி ஸ்ட்ரீம்னா தன் வரிசையில வந்து சேரும்.

சீட்டு எண், வண்டி எண், டிரேஸ் ஐடி இது எதையும் லேபிள் ஆக்காதீங்க. சீட்டுக்கு ஒரு ஸ்ட்ரீம் திறந்தா குறுவை அறுவடை நேரத்துல லோக்கி படுத்துடும். அது எல்லாம் ஸ்ட்ரக்சர்ட் மெட்டாடேட்டாவுல.

லோக்கிக்கு லாக் அனுப்பப் பழைய ப்ராம்டெயில் வெச்சு செய்யலாமான்னு யாரும் கேட்டுடாதீங்க, அதோட ஆதரவுக்கு முடிவு நாள் 2026 மார்ச் 2-ன்னு கிராஃபானாவே அறிவிச்சாச்சு. அதுக்கு மாத்து அலாய்.

எடைமேடை

சென்ட்ரி இன்னும் பாக்கி.

அரசலாறு

சென்ட்ரியின் எஸ்டிகே (நம் கோடில் சேர்க்கும் அதன் நூலகம்), லாகிங் மாட்யூலைத் தானாகவே ஒட்டுக்கேட்கும். லோகுரு நிறுவப்பட்டிருந்தால் அதற்கும் ஒரு இணைப்பைத் தானே போட்டுக்கொள்ளும். எஸ்கியூஎல்அல்கெமி ஒரு பிழை வரி எழுதினால் லாகிங்கில் ஒருமுறை பிடிபடும், இடைமறித்து லோகுருவுக்குப் போனதும் இன்னொரு முறை. எக்செப்ஷன் பொருள் ஒன்றாக இருந்தால் எஸ்டிகேயின் நகல் நீக்கி தடுத்துவிடும், வெறும் செய்தி வரிக்கு அது உதவாது. லாகிங் இணைப்பை லெவலும் ஈவென்ட் லெவலும் நன் என்று கொடுத்து ஊமையாக்குங்கள், லோகுரு இணைப்பு மட்டும் பேசட்டும்.

வராமல் போவது வரிசைக் கோளாறு. சென்ட்ரியின் லோகுரு இணைப்பு என்பது லோகுருவில் ஆட் செய்யப்பட்ட ஒரு ஹேண்ட்லர்தான். சென்ட்ரியைத் தொடங்கிய பிறகு, எதுவும் கொடுக்காமல் லாகர்.ரிமூவ் கூப்பிட்டால் அதுவும் சேர்ந்து போய்விடும். எச்சரிக்கையே வராது. முதலில் ரிமூவ், பிறகு உங்கள் சிங்குகள், கடைசியாக சென்ட்ரி. அல்லது ரிமூவுக்கு 0 கொடுங்கள், தொடக்கத்தில் உள்ள ஸ்டாண்டர்ட் எரர் ஹேண்ட்லர் மட்டும் போகும். அதை இரண்டு முறை கூப்பிட்டால் வேல்யூ எரர்.

வெண்ணாறு

சென்ட்ரி பேச்சு வந்தாச்சு, இதையும் கேட்டுக்குங்க. லோகுருவோட டயக்னோஸ் இயல்பாவே ட்ரூ. பிழை வந்தா டிரேஸ்பேக்ல ஒவ்வொரு மாறியோட மதிப்பையும் எழுதிடும். உங்க மாறிகள்ல என்ன இருக்கு? விவசாயி பேரு, கைபேசி எண், வங்கிக் கணக்கு, சில இடத்துல ஆதார். சீட்டு அச்சுப்பொறியில காகிதம் தீர்ந்துச்சுன்னு ஒரு பிழை வந்தா போதும், இது எல்லாம் லோக்கிக்குப் போய் உட்காரும். ஆலையில டயக்னோஸ் ஃபால்ஸ், ஒவ்வொரு ஆட்லயும் தனித்தனியா கொடுக்கணும். சென்ட்ரியும் உள்ளூர் மாறிகளை இயல்பா அனுப்பும், அதையும் அணைங்க. 2023-ஓட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துல லாக் கோப்புக்குன்னு தனி விலக்கு கிடையாது.

குடமுருட்டி

அதுக்காக லாக்கையே சீக்கிரம் அழிச்சிடாதீங்க. செர்ட்-இன் (இந்திய அரசோட கணினிப் பாதுகாப்பு அமைப்பு) 2022 ஏப்ரல் 28 ஆணைப்படி நிறுவனங்கள் லாக்கை 180 நாள் வெச்சிருக்கணும். கடிகாரமும் என்ஐசி (தேசியத் தகவல் மையம்) அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தோட நேர சர்வரோட ஒத்திருக்கணும், இல்லை அதோட தொடர்புள்ள சர்வரோட. லோக்கியில 180 நாள்னா 4320 மணி. லோக்கியோட கம்பாக்டர்ல, பழசை அழிக்குற ரிட்டென்ஷனை இயக்கினாத்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம். இயல்பா அது அணைஞ்சிருக்கும், தட்டு நிறையுற வரைக்கும் எதையும் அழிக்காது.

எடைமேடை

மாத்திட்டேன். அக்செஸ் வரி ஒண்ணாயிடுச்சு, பாபநாசம் வரிகள் வருது. சென்ட்ரி வரிசைதான் காரணம், ரிமூவ் கடைசியில இருந்துச்சு. ஆனா லோக்கியில பாதிக்கு மேல உடல்நிலைச் சோதனை வரியாவே இருக்கு. சர்வர் 10 நொடிக்கு ஒருமுறை ஆலைப் பெட்டி உயிரோட இருக்கான்னு கேட்குது.

குடமுருட்டி

ஆலைக்கு ஒரு நாளைக்கு 8640 வரி, பிரயோசனமே இல்லாம. சிங்கோட ஃபில்டர்ல வெட்டுங்க: அக்செஸ் வரி, பாதை உடல்நிலைச் சோதனை, நிலை எண் 200, மூணும் சேர்ந்தா விடு. 200 இல்லாதது எழுதப்படணும். கலெக்டர்ல வெட்டலாம்தான், ஆனா அதுக்குள்ள எஸ்டி கார்டுல எழுதிட்டிருக்கும்.

வெண்ணாறு

டிரேஸ்லயும் அந்தப் பாதையை விலக்கிடுங்க, ஃபாஸ்ட்ஏபிஐ இன்ஸ்ட்ருமென்டேஷன்ல விலக்கு யூஆர்எல் பட்டியல் கொடுக்க இடம் இருக்கு.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு ஆலையில நெட் கேபிளைப் பிடுங்கிட்டு நாலஞ்சு வண்டிக்கு எடை போடுங்க. நடுவுல பெட்டியோட கரண்டையும் ஒருமுறை பிடுங்குங்க. கேபிளை ரெண்டு மணி நேரம் கழிச்சு மாட்டுங்க, அஞ்சு நிமிஷத்துல மாட்டினா மறுமுயற்சி வரம்பு சரியா இருக்கான்னு தெரியாது. பிறகு கோப்புல உள்ள வரி எண்ணிக்கையையும் லோக்கியில அதே ஆலை லேபிளுக்கு அதே நேரத்துக்கு வர்ற எண்ணிக்கையையும் வெச்சுப் பாருங்க. கரண்ட் போன இடத்துல பாதியில அறுந்த ஜேசான் வரி ஒண்ணு இருக்கலாம். பிரிக்க முடியாத வரியையும் கலெக்டர் இயல்பா அப்படியே அனுப்பிடும், அதனால எண்ணிக்கை ஒத்துப்போகணும். லோக்கியில குறைஞ்சா கலெக்டரோட சொந்த லாக்ல 400 பதிலைத் தேடுங்க. அதை மறுமுயற்சி பண்ணாது, கீழ போட்டுட்டுப் போயிடும், காரணம் அந்த வரியிலேயே எழுதியிருக்கும்.